தாடையை வெட்டி நகர்த்தும் அறுவை சிகிச்சை: எதற்கு, எப்படி, அதற்குப் பிறகு என்ன?

பல் கோணலாக இருந்தால் கம்பி போட்டுச் சரிசெய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலருக்கோ கோணல் பல்லில் இல்லை. பல் ஊன்றி நிற்கும் எலும்பில் இருக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி 1 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியால் பற்களை எவ்வளவு இழுத்தாலும் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகச் சந்திக்காது. வலுக்கட்டாயமாகச் சாய்த்தால் வேர் எலும்பின் ஓரத்துக்கு வந்துவிடும், ஈறு கீழிறங்கும், பல் ஆடத் தொடங்கும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தாடை எலும்பையே வெட்டி, உரிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். தாடைச் சீரமைப்பு அறுவை சிகிச்சை என்பது இதுதான்.

இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் அறுவை நடக்கும் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் முழுச் சிகிச்சையும் முடிய 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். அதில் அறுவை அறைக்குள் கழிவது சில மணி நேரம் மட்டுமே. முன்னால் உள்ள கம்பிக் காலமும் பின்னால் உள்ள ஆறும் காலமும்தான் பொறுமையைச் சோதிப்பவை. பலன் கெட்டுப்போவதற்கான காரணமும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும். அதனால் இங்கே அவற்றுக்கே கூடுதல் இடம்.

யாருக்குத் தேவை

கீழ்த்தாடை முன்னே நீண்டிருப்பவர்கள், மிகவும் பின்தங்கியிருப்பவர்கள், முகம் ஒரு பக்கமாகக் கோணியிருப்பவர்கள் ஆகியோரைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வெளியே தெரியாத வகை திறந்த கடி. கடைவாய்ப் பற்கள் இறுக மூடியிருக்கும்போதும் முன்பற்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். இவர்களால் முன்பல்லால் ஒரு ரொட்டித் துண்டைக்கூடக் கடித்து எடுக்க முடியாது. எல்லாவற்றையும் பிய்த்து வாயின் ஓரத்தில் வைத்துத்தான் மெல்ல வேண்டும். 'ஸ' போன்ற ஒலிகளில் காற்று கசியும். மேல்தாடை செங்குத்தாக அதிகம் வளர்ந்தவர்களுக்குச் சிரிக்கும்போது ஈறு நிறையத் தெரியும், உதடுகள் தாமாக மூடாது. பிறவியில் அண்ணப் பிளவு இருந்து சிறுவயதில் தைத்தவர்களுக்கு மேல்தாடை போதிய அளவு முன்னே வளராமல் போவதும் உண்டு.

தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இன்னொரு முக்கியக் காரணம். நாக்கின் தசைகள் கீழ்த்தாடையிலும், அண்ணத்தின் பின்பக்க மென்சதையான மெல்லண்ணம் மேல்தாடையிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு தாடைகளையும் ஏறத்தாழ 10 மி.மீ. முன்னே கொண்டுவந்தால் அந்தத் தசைகளும் கூடவே இழுபட்டு, அவற்றுக்குப் பின்னால் தொண்டையில் மூச்சு போகும் வழி அகலமாகிறது. தூங்கும்போது முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி பொருந்தாதவர்களுக்கு இது நல்ல பலன் தரும் சிகிச்சை.

காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் வலி இருப்பவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பிறகு பலருக்கு வலி குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கூடுகிறது. மூட்டு வலி ஒன்றை மட்டும் தீர்ப்பதற்காக இந்த அறுவையைச் செய்துகொள்வது சரியான முடிவல்ல.

முகத் தோற்றத்துக்காக இதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடிப்புக்காக, அதாவது மேல், கீழ்ப் பற்கள் சந்திக்கும் விதத்துக்காக, மட்டும் போடும் திட்டமும், முகத்தையும் கணக்கில் எடுக்கும் திட்டமும் வேறுவேறாக அமையலாம். குறைபாடு லேசானதாக இருந்தால் ஒன்றிரண்டு பல்லை எடுத்துக் கம்பியால் மட்டும் கடிப்பைச் சரிக்கட்டவும் முடியும். எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பற்கள் மட்டும் அதை ஈடுகட்டும். அறுவைக்குச் சம்மதிக்கும் முன் "எனக்கு அந்த வழி ஏன் ஒத்துவராது?" என்று கேட்டு, எக்ஸ்ரேயை வைத்துப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

வளர்ச்சி முடிய வேண்டும்

வளர்ந்துகொண்டிருக்கும் தாடையை இன்று சரியாகப் பொருத்தினால் நாளை அது மீண்டும் விலகிப் போகும். முகத்தில் கடைசிவரை வளரும் எலும்பு கீழ்த்தாடைதான். பொதுவாகப் பெண்களுக்கு 16 வயதையொட்டியும் ஆண்களுக்கு 18 வயதையொட்டியும் வளர்ச்சி நிற்கிறது. கீழ்த்தாடை நீண்ட ஆண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கலாம். வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. 6 மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். கோடுகள் அசையாமல் பொருந்தினால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று பொருள். முகம் ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டே போனால் அந்தப் பக்க மூட்டு எலும்பு இன்னும் வளர்கிறதா என்று தனி ஸ்கேன் எடுப்பதும் வழக்கம்.

கடிப்பு மோசமாகும் காலம்

அறுவைக்கு முன் 12 முதல் 18 மாதம் கம்பி. இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் மனம் தளர்கிறார்கள், ஏனென்றால் கடிப்பு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும்.

காரணம் இது. எலும்பு விலகியிருந்தாலும் பற்கள் எப்படியாவது சந்திக்கப் பார்க்கும். நீண்ட கீழ்த்தாடையில் கீழ்முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேல்முன்பற்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். எலும்பில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பல்லில் 4 மி.மீ. மட்டுமே தெரியும். அப்படியே அறுவை செய்தால் 4 மி.மீ. நகர்த்தியதுமே பற்கள் இடித்துக்கொள்ளும்; மீதி 6 மி.மீ. எலும்பை நகர்த்த வழியே இருக்காது. அதனால் சாய்ந்த பற்களை முதலில் அதனதன் எலும்பின்மேல் நேராக நிமிர்த்துகிறார்கள். மறைந்திருந்த குறை அப்போது முழுதாக வெளியே வருகிறது. கண்ணாடியில் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் சிகிச்சை சரியாகப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இந்தக் கட்டத்தில் பாதியில் நிறுத்திவிடுவது எல்லாவற்றையும்விடத் தவறான முடிவு. தொடங்கியபோது இருந்ததைவிட மோசமான கடிப்போடு காலம் தள்ள வேண்டியிருக்கும்.

முதலில் அறுவை, பிறகு கம்பி என்ற முறையும் இருக்கிறது. முகம் சீக்கிரம் மாறும், மொத்தக் காலமும் குறையும். பற்கள் ஓரளவு வரிசையாக இருப்பவர்களுக்கு மட்டுமே அது ஒத்துவரும்.

கீழ்த்தாடையில் ஞானப்பல் புதைந்திருந்தால் பல மருத்துவர்கள் அதை அறுவைக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள். வெட்டு போகும் பாதையிலேயே அந்தப் பல் நிற்கிறது. எடுத்த குழி எலும்பால் நிரம்பாமல் இருந்தால் தாடையைப் பிளக்கும்போது எலும்பு வேண்டாத இடத்தில் முறியலாம். அறுவையின்போதே எடுப்பவர்களும் உண்டு. எதுவானாலும் இந்தக் கேள்வியைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கடைசியில் சி.டி. ஸ்கேனும் பற்களின் அச்சும் எடுத்து, கணினியில் எலும்பை மி.மீ. கணக்கில் நகர்த்திப் பார்க்கிறார்கள். அதிலிருந்து ஸ்பிளின்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு தயாராகிறது. இரண்டு வரிசைப் பற்களும் பதியும் தடம் அதில் இருக்கும். அறுவை மேசையில் தாடை எங்கே நிற்க வேண்டும் என்பதை மருத்துவருக்குக் காட்டுவது அந்தத் தட்டுதான்.

எலும்பை வெட்டும் விதம்

1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், சடலங்களின் முகத்தில் அடிகொடுத்து, மேல்தாடை எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்டறிந்த மூன்று கோடுகளில் மிகத் தாழ்வான முதல் கோட்டில்தான் இன்று மேல்தாடையை வெட்டுகிறார்கள். பல் வேர்களின் நுனிக்கு மேலே, மூக்கின் தரை மட்டத்தில், கிடைமட்டமாக. மேலுதட்டுக்கு உள்ளே கீறி எலும்பை வெட்டிக் கீழே இறக்கியதும், பற்களும் அண்ணமும் சேர்ந்த ஒரே துண்டாக மேல்தாடை விடுபடும். இப்படி விடுபட்ட எலும்பு உயிரோடு இருப்பது அண்ணத்தின் பின்பக்கச் சதை வழியாக வரும் இரத்தத்தால். ஆகவே அந்தச் சதையைக் கிழியாமல் காப்பதுதான் மேல்தாடை அறுவையின் உயிர்நாடி.

கீழ்த்தாடைக்கு வேறு உத்தி. அதை உலகறியச் செய்தவர் ஹூகோ ஓப்வெகேசர். 1950களில் இதை உருவாக்கினார். தாடையின் பின்பகுதியைக் குறுக்கே அறுக்காமல், ஒரு பலகையை இரண்டு ஏடாக உரிப்பதுபோல் நீளவாட்டில் பிளக்கிறார்கள். வெளி ஏடு மூட்டோடு நிற்கும். உள் ஏடு பற்களோடும் நரம்போடும் நகரும். முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் இரண்டு ஏடுகளும் அகலமாக ஒன்றோடொன்று படிந்திருப்பதால், வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டாமலே கூடிவிடும். தேவையானால் மோவாய் எலும்பின் கீழ்நுனியை மட்டும் தனியாக வெட்டி நகர்த்துவதும் உண்டு.

எல்லா வெட்டும் வாய்க்குள்ளேதான். திருகு இறக்குவதற்காகக் கன்னத்தில் சில மி.மீ. துளை போட்டால் மட்டும் வெளியே சின்னத் தழும்பு மிஞ்சும். முழு மயக்கம், மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விடுவார்கள், ஏனென்றால் நடுநடுவே பற்களை மூடிக் கடிப்பைச் சரிபார்க்க வேண்டும். ஒரு தாடைக்கு ஏறத்தாழ 2 மணி நேரம், இரண்டுக்கும் சேர்த்து 3 முதல் 5 மணி நேரம் ஆகலாம். மருத்துவமனையில் 1 முதல் 3 இரவு தங்க வேண்டும்.

எல்லா நகர்வும் ஒரே மாதிரி நிலைப்பதில்லை. மேல்தாடையை மேலே ஏற்றுவது மிக உறுதியாக நிற்கும். கீழ்த்தாடையை மிதமான அளவு முன்னே கொண்டுவருவதும் அப்படியே. மேல்தாடையைக் கீழே இறக்குவதும் அகலப்படுத்துவதும் பழைய இடத்துக்குத் திரும்பும் போக்குள்ளவை. தசையும் அண்ணத்தின் சதையும் விடாமல் பின்னுக்கு இழுக்கும். தன் திட்டத்தில் எந்த நகர்வு, எத்தனை மி.மீ. என்று தெரிந்துவைத்திருப்பவரால் பின்னால் வரும் மாற்றங்களையும் புரிந்துகொள்ள முடியும்.

மரத்துப்போகும் உதடு, மற்ற ஆபத்துகள்

கீழ்த்தாடை அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய எல்லோருக்கும் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். அந்த இடங்களுக்கு உணர்வு தரும் நரம்பு, தாடை எலும்புக்குள் ஒரு குழாய் போன்ற வழியில் ஓடுகிறது. எலும்பைப் பிளப்பதோ அந்த வழியை ஒட்டி. நரம்பு அறுபடாவிட்டாலும் இழுபட்டு நசுங்குகிறது. இது உணர்வு நரம்பு மட்டுமே. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. சிரிப்போ பேச்சோ இதனால் முடங்காது. சில வாரங்களில் எறும்பு ஊர்வதுபோலவும் ஊசி குத்துவதுபோலவும் தோன்றத் தொடங்கினால் நரம்பு தேறிவருகிறது என்று அர்த்தம். இந்தத் தேறுதல் ஓராண்டு வரையும் அதற்கு மேலும் நீளலாம். ஒரு பகுதியினருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வயது ஏற ஏற, குறிப்பாக 40க்கு மேல், அந்த வாய்ப்பு கூடும். மோவாயையும் சேர்த்து வெட்டினாலும் கூடும். பெரும்பாலோர் அதோடு பழகிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் காற்றுக் கருவி வாசிப்பவர்போல உதட்டுணர்வை நம்பித் தொழில் செய்பவர்கள் இதை நன்றாக எடைபோட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

உணர்வு திரும்பும்வரை சூடான பானத்தை உதட்டில் வைக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். சுட்டதும் உறைந்ததும் தோலுக்குத் தெரியாது. மேல்தாடை அறுவையில் கன்னம், மேலுதடு, ஈறு, அண்ணம் மரக்கும். தோலில் உணர்வு பெரும்பாலும் சீக்கிரம் திரும்பிவிடும்.

மற்றவை அரிதானவை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை. பிளக்கும்போது எலும்பு தவறான இடத்தில் முறிவது ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு நேரலாம். பெரும்பாலும் அதே மேசையில் கூடுதல் தகடு வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தால் மருந்து கொடுத்து, எலும்பு கூடியபின் தகட்டை எடுத்துவிடலாம். தொந்தரவு தராத தகடு ஆயுளுக்கும் அங்கேயே இருக்கலாம். வெட்டுக்கு அருகிலுள்ள பல் வேர் சேதமடைந்து பல் நிறம் மங்கலாம். மேல்தாடை முன்னே வந்தாலோ மேலே ஏறினாலோ மூக்கின் அடிப்பாகம் அகலமாகும். அதைக் குறைக்க உள்ளே ஒரு தையல் போடுவது வழக்கம். அண்ணப் பிளவு இருந்தவர்களுக்குப் பேச்சில் மூக்கொலி கூடலாம். அவர்கள் முன்கூட்டியே பேச்சுப் பயிற்சி வல்லுநரைப் பார்த்துவிட வேண்டும். இரத்த ஓட்டம் நின்று மேல்தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போவது மிக மிக அரிது. புகைப்பது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. காயம் ஆறாமல் போவதற்கும் சீழ் பிடிப்பதற்கும் புகை ஒரு காரணம். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாமல் இருப்பது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும்.

மூட்டின் உருண்டைப் பகுதி மெல்லக் கரைவது இன்னொரு சிக்கல். கீழ்த்தாடை சிறுத்துப் பின்தங்கி, திறந்த கடியோடு இருக்கும் இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அறுவை நன்றாக முடிந்து பல மாதங்கள் கழித்து, மூடிய முன்பற்கள் மீண்டும் திறக்கத் தொடங்கும். வலி பெரும்பாலும் இருக்காது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஆறு வாரம்

கண் விழிக்கும்போது முகம் வலியைவிடப் பாரமாகத் தெரியும். மூக்கு பழைய இரத்தத்தால் அடைத்திருக்கும், பற்களை ரப்பர் பேண்டுகள் பிடித்திருக்கும். விழுங்கிய இரத்தம் குமட்டலைத் தரும். பழுப்பான வாந்தி ஒரு தடவை வந்தால் பதற வேண்டாம்; தலையை முன்னே கவிழ்த்தால் பற்களின் இடுக்கு வழியாகவும் கன்னத்தின் ஓரமாகவும் வெளியேறிவிடும். முன்பெல்லாம் 6 வாரம் கம்பியால் வாயை இறுகக் கட்டிவைத்தார்கள். தகடுகள் வந்தபின் அது குறைந்துவிட்டது. அப்படிக் கட்டியிருந்தால் கம்பி வெட்டும் கத்தரியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்குக் காட்டிவைக்க வேண்டும்.

வீக்கம் 2ஆம், 3ஆம் நாளில் உச்சத்தைத் தொடும். முதல் 48 மணி நேரம் 20 நிமிடம் ஐஸ் ஒத்தடம், 20 நிமிடம் இடைவெளி. முதல் வாரம் தலையை 30 பாகை உயர்த்திப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். நீலம் பாரித்த இடம் மஞ்சளாகி, கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கும், அது இயல்பு. பெரும்பங்கு வீக்கம் 2, 3 வாரத்தில் வடியும், மிச்சம் 6 மாதம் வரை மெல்ல மெல்லக் குறையும். முதல் மாதத்துக் கண்ணாடியை வைத்து முடிவான முகத்தை எடைபோடக் கூடாது. தூக்கமும் சாப்பாடும் குறைந்து, முகமும் அந்நியமாகத் தெரியும்போது மனச்சோர்வு வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மேல்தாடை அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று வெட்டின் வழியாகக் கன்னத்துக்குள் புகும். தும்மல் வந்தால் முடிந்தவரை வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

சாப்பாட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முதல் 1, 2 வாரம் திரவம் மட்டும். அதன்பின் 6 வாரம் வரை நாக்கால் அண்ணத்தில் அழுத்தினாலே நசுங்கும் பதத்தில் உள்ளவை. வலி இல்லை என்பதால் மெல்லத் தொடங்குகிறவர்கள் தகட்டை வளைக்கிறார்கள், திருகைத் தளர்த்துகிறார்கள். எலும்பு ஓரளவு கூடவே 6 வாரம் ஆகும், கடினமானதைக் கடிக்கும் அளவு இறுக ஏறத்தாழ 3 மாதம். ஸ்ட்ராவால் உறிஞ்சுவதைத் தொடக்கத்தில் பல மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள்; கோப்பையோ முனையில் மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சோ போதும். ஒரே தடவையில் நிறையக் குடிக்க முடியாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை. பால், தயிர், வேகவைத்து அரைத்து வடித்த பருப்பும் காய்கறியும், புரதப் பொடி இவற்றையெல்லாம் சேர்க்காமல் வெறும் பழச்சாற்றை நம்பினால் எடை மளமளவென்று இறங்கும், காயமும் தாமதமாக ஆறும்.

ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பின்னும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கான சின்னத் தலை மென்பிரஷ் இதற்கு ஏற்றது. தையலை விட்டு, கம்பியையும் பல்லையும் தேய்க்கலாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு கொடுத்திருந்தால் பற்பசைக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விடுங்கள். பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும். பல்லில் பழுப்புக் கறை படிந்தால் பிறகு நீக்கிவிடலாம்.

ரப்பர் பேண்டுகளின் வேலை எலும்பைப் பிடித்துவைப்பது அல்ல. அதைத் தகடு பார்த்துக்கொள்ளும். தசைகளுக்குப் புதிய கடிப்பைப் பழக்குவதுதான் ரப்பரின் வேலை. எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு என்று மருத்துவர் காட்டிய அதே வழியில், சொன்ன மணிக்கணக்கில் மாட்ட வேண்டும். திசை மாற்றி மாட்டினால் கடிப்பும் மாறும். அனுமதி கிடைத்ததும் வாய் திறக்கும் பயிற்சி தொடங்கும். தட்டையான மரக் குச்சிகளை அடுக்காகப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கொருமுறை ஒன்றைக் கூட்டுவது எளிய முறை. இலக்கு 40 மி.மீ., அதாவது தன் விரல்களில் மூன்று நுழையும் அளவு.

நடப்பதை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையாமலும் காக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரத்தில் திரும்பலாம். பந்தோ முழங்கையோ முகத்தில் படக்கூடிய விளையாட்டுகளுக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், 15 நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், வடிந்த வீக்கம் மறுபடி ஏறுவது, வாயில் கெட்ட சுவையோடு காய்ச்சல், நேற்றுவரை பொருந்திய பற்கள் இன்று திடீரெனப் பொருந்தாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கடிப்பு நகர்ந்தது முதல் சில நாட்களிலேயே தெரிந்தால் ரப்பரை மாற்றியோ மறுபடி பொருத்தியோ திருத்திவிடலாம். எலும்பு கூடிய பிறகு தெரிந்தால் மீண்டும் வெட்டத்தான் வேண்டும்.

பிறகு 6 மாதம் முதல் ஓராண்டு, பற்களை நுணுக்கமாக இறுதிப் பொருத்தத்துக்குக் கொண்டுவரக் கம்பி தொடரும். கம்பியைக் கழற்றிய அன்றே, பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிடெய்னர் மாட்டப்படும். எலும்பு நின்றுவிட்டாலும் பற்களைச் சுற்றிய நார்கள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் பகலிரவாகவும் பிறகு இரவில் மட்டும் ஆண்டுக்கணக்கிலும் அதை அணிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது அறுவை முடிந்தவுடன் எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள். மூட்டு கரைகிறதா என்பது புதிய படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.